காராக் கடலின் கணக்கு

ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரித்துக்கொண்டு வடக்கே செல்லும் யூரல் மலைத்தொடர், கரை முடிந்த இடத்தில் தானும் முடிந்துவிடுவதில்லை. அதன் நீட்சியாக ஆர்க்டிக் சமுத்திரத்தில் நோவயா செம்லியா என்னும் இரண்டு பெருந்தீவுகள் வளைந்து கிடக்கின்றன. அத்தீவுகளுக்கு மேற்கே, அட்லாண்டிக்கின் வெம்மை சிறிது எட்டுவதால் மீன்வளம் கொழிக்கும் பாரன்ட்ஸ் கடல். கிழக்கே, ஆண்டின் பெரும்பகுதியும் பனிக்கட்டி மூடிய காராக் கடல். அந்தக் கிழக்குக் கரையில், பனியாறுகள் அரித்து உண்டாக்கிய குறுகிய, நீண்ட கடற்கழிகள் பல உண்டு. அப்ரோசிமோவ், ஸ்தெப்பவோய், த்சிவோல்கா என்று தேசப்படங்களில் குறிக்கப்பட்டிருக்கும் அக்கழிகளின் கரையில் ஊர் இல்லை, துறைமுகம் இல்லை, குடியானவனும் இல்லை. 1961இல் மனிதன் இதுவரை வெடித்தவற்றுள் மிகப் பெரிய அணுகுண்டை இத்தீவுகளின் மேலே வெடித்துப் பார்த்த சோவியத் அரசு, 1965இலிருந்து தனக்கு உதவாத அணு உலைகளை மூழ்கடிப்பதற்கும் இந்த ஏகாந்தப் பிரதேசத்தையே தேர்ந்தெடுத்தது.

உலகத்துக்கு இது நெடுங்காலம் தெரியாது. கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டும் வழக்கம் தனக்கு இல்லை என்று சர்வதேச அரங்குகளில் சொல்லிவந்த அந்த அரசு 1991இல் மறைந்தபின், ருஷ்ய அதிபர் எல்ட்சின் நியமித்த ஒரு குழு, அலெக்ஸேய் யாப்லகோவ் என்ற உயிரியல் அறிஞரின் தலைமையில் பழைய ஏடுகளைப் புரட்டி, 1993இல் தன் அறிக்கையை வெளியிட்டது. காராக் கடலின் கழிகளிலும், நோவயா செம்லியாவை ஒட்டிய ஆழ்ந்த பள்ளத்திலும் 16 அணு உலைகள் கிடக்கின்றன என்றும், அவற்றுள் ஆறில் எரிந்த எரிபொருள் எடுக்கப்படாமலே இருக்கிறது என்றும், இவை போதாவென்று ஆயிரக்கணக்கான கழிவுக் கொள்கலங்களும், கழிவோடு சேர்த்தே அமிழ்த்தப்பட்ட படகுகளும் அடித்தரையில் உள்ளன என்றும் அது தெரிவித்தது. மூழ்கடித்த காலத்தில் அவற்றின் மொத்தக் கதிரியக்கம் சுமார் 24 லட்சம் கியூரி, அதாவது 89 பெட்டாபெக்கரல் இருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. ஒரு வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்; ஒரு பெட்டாபெக்கரல் என்பது அதைப்போல் பத்துக் கோடி கோடி மடங்கு.

மூழ்கியவற்றுள் இரண்டின் வரலாற்றையாவது அறிந்துகொள்வது நல்லது. அணுசக்தியால் இயங்கிய முதல் பனியுடைப்புக் கப்பலான 'லெனின்' 1959இல் பணியில் இறங்கிச் சோவியத் விஞ்ஞானத்தின் பெருமைக்குச் சின்னமாக விளங்கியது. 1965இல் அதன் உலை ஒன்றில் குளிர்விக்கும் நீர் வற்றி எரிபொருள் சேதமடைந்தது. வெளியே எடுக்க முடிந்ததை எடுத்தபின், எஞ்சிய எரிபொருளைப் பிசின் போன்ற ஃபுர்ஃபுரால் கலவையில் உறையவைத்துக் கனத்த பெட்டியில் அடைத்து, உலைப் பகுதியோடு சேர்த்து 1967இல் த்சிவோல்கா கழியில் இறக்கிவிட்டார்கள். மற்றொன்று கே-27 என்னும் நீர்மூழ்கி. நீருக்குப் பதிலாக உருகிய ஈயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தால் குளிர்விக்கப்பட்ட அதன் உலையில் 1968 மே மாதம் நேர்ந்த விபத்தில் ஒன்பது மாலுமிகள் உயிரிழந்தனர். பல ஆண்டுகள் துறைமுகத்தில் கிடந்த அந்தக் கலத்தை 1980களின் தொடக்கத்தில் ஸ்தெப்பவோய் கழிக்கு இழுத்துவந்து, சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மூழ்கடித்தார்கள். குறைந்த வீரியமுள்ள கழிவைக்கூட 4,000 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போடலாகாது என்று சர்வதேச அணுசக்தி முகமை வகுத்திருந்த காலம் அது. எரிந்த எரிபொருளையோ எந்த ஆழத்திலும் போடக் கூடாதென்று 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை தடை செய்திருந்தது.

அறிக்கை வெளிவந்ததும் நார்வேயின் மீனவர்கள் முதல் அலாஸ்காவின் பழங்குடியினர் வரை வடதுருவத்தைச் சுற்றி வாழ்வோர் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த நஞ்சு எங்கே போகும், எப்போது போகும், எவ்வளவு போகும்? விடை காண்பதற்காக, 1993இல் சர்வதேச அணுசக்தி முகமை, நார்வே, ருஷ்யா முதலிய நாடுகளின் ஒத்துழைப்போடு ஆர்க்டிக் கடல்களுக்கான ஒரு மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கி நான்காண்டு காலம் நடத்தியது. அது தொடங்குவதற்குச் சற்று முன்னும் பின்னுமாக, 1992 முதல் 1994 வரை, நார்வே விஞ்ஞானிகளும் ருஷ்ய விஞ்ஞானிகளும் ஒரே கப்பலில் சென்று அக்கழிகளின் நீரையும் வண்டலையும் மீனையும் எடுத்து அளந்தார்கள். சில கொள்கலங்களைச் சுற்றியிருந்த வண்டலில் கசிவின் அடையாளம் தெரிந்தது. ஆனால் அந்தச் சிறு வட்டத்தைத் தாண்டினால், திறந்த காராக் கடலின் நீரில் ஒரு கன மீட்டருக்குச் சில பெக்கரல் சீசியமே இருந்தது. அதுவும் பெரும்பாலும் பழைய அணுகுண்டுச் சோதனைகளும் செர்னோபில் விபத்தும் ஐரோப்பிய அணு ஆலைகளும் தந்தது. கடல்நீரில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியம்-40 ஒரு கன மீட்டருக்குப் பன்னிரண்டாயிரம் பெக்கரல் அளவில் கதிர்வீசுகிறது என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும்.

அளந்து பார்த்ததில் அபாயம் தென்படவில்லை என்றால், அதற்குமேல் ஆராய்வானேன் என்று தோன்றலாம். பிரத்தியட்சமாக அளப்பது இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். உலையின் எஃகு இன்று உறுதியாக இருப்பதனால் நீர் தூய்மையாக இருக்கிறதா, அல்லது கசிந்ததையெல்லாம் கடல் கரைத்துவிட்டதனால் தூய்மையாக இருக்கிறதா என்பதை அளவைக் கருவி பிரித்துச் சொல்வதில்லை. புளூட்டோனியம்-239இன் பாதி குறைவதற்கே 24,000 ஆண்டுகள் ஆகும். எந்தக் கப்பலும் அத்தனை காலம் காத்திருந்து அளக்க முடியாது. ஆகவே, தெரிந்த விதிகளைக் கொண்டு தெரியாத காலத்துக்குள் அனுமானத்தால் நுழைய வேண்டியிருக்கிறது. அந்த அனுமானத்துக்கு எண்களால் ஒழுங்கு விதித்தால் கிடைப்பதே கணித மாதிரி. அதற்கு நான்கு அங்கங்கள் உண்டு: நஞ்சு அடைபட்ட இடத்திலிருந்து எந்த வேகத்தில் வெளிப்படுகிறது என்பது முதலாவது, நீர் அதை எங்கெங்கே கொண்டுபோகிறது என்பது இரண்டாவது, வண்டலும் பனியும் ஜீவராசிகளும் அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்கின்றன என்பது மூன்றாவது, இறுதியில் மனித உடலுக்கு என்ன வந்து சேர்கிறது என்பது நான்காவது.

இவற்றுள் விஞ்ஞானிகளின் மனத்தை நெடுங்காலமாகக் கவர்ந்தது இரண்டாவது அங்கம். துருவ சமுத்திரத்தின் நீரோட்டத்தை முதன்முதலில் உலகுக்குக் காட்டித் தந்தது ஒரு விபத்து. 'ஜீனெட்' என்னும் அமெரிக்கக் கப்பல் 1881இல் கிழக்குச் சைபீரியாவின் வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகள் கழித்து அதன் சிதைவுகளும் மாலுமிகளின் உடைமைகளும் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் பனித்தட்டொன்றின் மேல் கண்டெடுக்கப்பட்டன. சைபீரியாவிலிருந்து பனி துருவத்தைக் கடந்து அட்லாண்டிக்குக்கு வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று கருதிய நார்வே நாட்டு ஃபிரிட்யோஃப் நான்சன், நசுக்கினாலும் மேலெழும்பும்படி வயிறு உருண்ட 'ஃபிராம்' என்ற கப்பலைக் கட்டுவித்து, 1893 செப்டம்பரில் அதை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்தார். பனியோடு பனியாக நகர்ந்த அக்கப்பல் 1896 ஆகஸ்டில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு வடக்கே விடுபட்டது. சைபீரியக் கரையோரக் கடல்களிலிருந்து புறப்பட்டு, துருவத்தின் அருகாகச் சென்று, கிரீன்லாந்துக்கும் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் இடைப்பட்ட ஜலசந்தியின் வழியே அட்லாண்டிக்கில் இறங்கும் அந்தப் பிரவாகம், காராக் கடலின் நஞ்சுக்கும் இராஜபாட்டையாகலாம் என்பதே பின்னாளில் எழுந்த அச்சம்.

நான்சன் அந்தப் பயணத்தில் கண்ட மற்றொரு விசித்திரமும் உண்டு: பனி, காற்று வீசும் திசையில் செல்லாமல் அதற்கு இருபது முதல் நாற்பது பாகை வரை வலப்புறமாக விலகியே சென்றது. பூமியின் சுழற்சியே இதற்குக் காரணம் என்று அவர் ஊகித்தார். வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர் அந்த ஊகத்தைக் கணிதமாக்கி, மேற்பரப்பிலிருந்து கீழே போகப்போக ஒவ்வொரு நீரடுக்கும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்று வலப்புறம் திரும்பியும் வேகம் தளர்ந்தும் ஓடுகிறது என்று 1905இல் விளக்கினார். இன்று கணிப்பொறியில் ஓடும் கடல் மாதிரிகள் எல்லாவற்றிலும் எக்மனின் அந்தக் கணிதம் ஏதேனும் ஓர் உருவில் இருக்கத்தான் செய்கிறது.

நீர் ஓடுவதால் மட்டும் ஒரு பொருள் பரவுவதில்லை. ஓடும் நீருக்குள் சுழல்கள் எழுந்து அதைக் கலைத்துக்கொண்டும் இருக்கின்றன. இந்தக் கலைப்பின் இலக்கணத்தை ஆராய்ந்தவர், வானிலையைக் கணிதத்தால் முன்னுரைக்கலாம் என்று 1922லேயே நூல் எழுதிய லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். அவரும் ஹென்றி ஸ்டாமல் என்ற அமெரிக்க இளைஞரும் ஸ்காட்லாந்தின் லாக் லாங் என்னும் கடற்கழியில் பார்ஸ்னிப் கிழங்கின் துண்டுகளை இரண்டிரண்டாக மிதக்கவிட்டு, அவை ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விரைவில் விலகுகின்றன என்று அளந்து, 1948இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றில் அகப்படாமல் ஏறக்குறைய முழுதும் அமிழ்ந்தே மிதக்கும் என்பதால் அந்தக் கிழங்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. துண்டுகள் நெருங்கியிருக்கும்போது மெதுவாக விலகுகின்றன. தூரம் கூடக்கூட, அவற்றைப் பிரிக்க வல்ல பெரிய சுழல்களும் வந்து சேர்ந்துகொள்வதால், விலகும் வேகமும் கூடுகிறது. குறுகிய கழிக்குள் கசிந்த நஞ்சு முதலில் அடர்த்தியாகத் தேங்கி நிற்பதும், வாயிலைக் கடந்து திறந்த கடலில் கலந்ததும் வெகு விரைவில் நீர்த்துப்போவதும் இந்த நியமத்தினாலேயே.

காராக் கடலில் இந்தப் பொதுவிதிகள் சில சிக்கல்களோடு வினைப்படுகின்றன. ஓப், யெனிசேய் என்னும் இரண்டு மகாநதிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கன கிலோமீட்டர் நன்னீரை அதில் சொரிகின்றன. அந்த நன்னீர் இலேசானதாகையால், கடல்நீரின் மேல் தனி அடுக்காகப் பரந்து, மேலும் கீழும் கலப்பதைத் தடுக்கிறது. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறையும்போது பனி தன்னுள் உப்பை வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளுகிறது. அவ்வாறு உவர்ப்பேறிக் கனத்த நீர் அடித்தரையை நோக்கி இறங்கி, சரிவு வழியே ஆழ்ந்த பள்ளங்களுக்குள் செல்கிறது. ஆகவே, ஒரே கழியில் கோடையில் வெளிப்பட்ட பொருளும் மார்கழியில் வெளிப்பட்ட பொருளும் ஒரே வழியில் போவதில்லை. இவற்றோடு, அந்த நதிகளே கதிரியக்கத்துக்கு அந்நியமானவையல்ல: யூரல் பிரதேசத்து மாயக் புளூட்டோனிய ஆலை 1949 முதல் 1956 வரை தன் திரவக் கழிவைத் தேச்சா என்ற சிற்றாற்றில் விட்டது; அந்தச் சிற்றாறு, பல ஆறுகளைக் கடந்து, இறுதியில் ஓப் நதியில்தான் கலக்கிறது. கடலில் காணப்படும் ஒரு துளி சீசியம் எவருடையது என்று சொல்வதே இதனால் கடினமாகிறது.

இத்தனையையும் கணக்கில் கொண்டுவர விஞ்ஞானிகள் இரண்டு வகை மாதிரிகளைக் கையாண்டார்கள். முதல் வகையில், கடலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஆழத்திலும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகம், வெப்பம், உவர்ப்பு, அதன் மேலுள்ள பனியின் தடிப்பு ஆகியவற்றைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை இயக்க விதிகளிலிருந்து கணித்து, அந்த நீரோடு நஞ்சையும் ஓடவிடுவார்கள். ஒரு கழியில் ஒரு பருவத்தில் நடப்பதை இது நுட்பமாகக் காட்டும். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு இதை நடத்துவது, அக்காலத்துக் கணிப்பொறிகளுக்கு எட்டாத காரியம். இரண்டாவது வகை எளியது. வயலைப் பாத்தி பாத்தியாக வரப்பிட்டு, மடை வழியே ஒரு பாத்தியின் நீரை அடுத்ததற்கு விடும் உழவன், பாத்திக்குள் நீர் எப்படிச் சுழல்கிறது என்று பாராமல், மடையில் எவ்வளவு போகிறது என்பதை மட்டுமே பார்ப்பதுபோல், இந்த மாதிரியில் சமுத்திரங்கள் பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் நஞ்சு உடனே சமமாகக் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டு, பகுதிக்கும் பகுதிக்கும் இடையே ஆண்டுதோறும் மாறும் நீரின் அளவு மட்டும் கணக்கிடப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளும் உலகச் சமுத்திரங்களும் இதற்குள் அடங்கும். ஆனால் நஞ்சின் வாயிலிலேயே நிற்பவனுடைய கதியை இது சொல்லாது. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்படி இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தியது அத்திட்டத்தின் சிறப்பு.

மூன்றாவது அங்கத்தில் ஒவ்வொரு தனிமத்தின் குணமும் தலைகாட்டுகிறது. புளூட்டோனியம் நீரில் நிற்க விரும்பாமல் வண்டலோடு ஒட்டிக்கொள்வது. சமநிலையில் ஒரு லிட்டர் நீரில் இருப்பதைப்போல் லட்சம் மடங்கு ஒரு கிலோ வண்டலில் இருக்கும். சீசியம் அவ்வளவு பற்றில்லாதது எனினும் ஆயிரங்கள் மடங்காவது சேரும். ஸ்ட்ரான்ஷியமோ பெரும்பாலும் நீரோடேயே பயணம் செய்யும். ஆகவே வண்டல் நிறைந்த கழியில் புளூட்டோனியம் விழுந்த இடத்திலேயே புதைந்துகிடக்க, ஸ்ட்ரான்ஷியம் வாயிலைக் கடந்துவிடும். ஆனால் துருவக் கடலில் வண்டலும் அசையாதிருப்பதில்லை: ஆழமில்லாத சைபீரியக் கரைகளில் புயலோடு கூடிய குளிரில் நீர் உறையும்போது, கலங்கிய சேற்றையும் சேர்த்துக்கொண்டே பனிக்கட்டி உருவாகிறது, அந்த அழுக்குப் பனி நீண்ட தூரம் நகர்ந்து, வேறு கடலில் உருகும் இடத்தில், சுமந்துவந்த சேற்றை இறக்கிவிடுகிறது. நீரோட்டத்தின் கணக்கில் வராத இந்தக் குறுக்குவழியைத் தனியே ஆராய வேண்டியிருந்தது.

இவ்வளவு அனுமானங்களின்மேல் எழுப்பிய கட்டடத்தை எப்படி நம்புவது? இங்கே, ஆராய்ச்சிக்காக அல்லாமல் அலட்சியத்தால் நிகழ்ந்த ஒரு பெரும் பரிசோதனை விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது. இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள செல்லாஃபீல்டு அணுஎரிபொருள் ஆலை, பல பத்தாண்டுகளாகத் தன் திரவக் கழிவை ஐரிஷ் கடலில் விட்டுவந்தது. எந்த ஆண்டில் எவ்வளவு விடப்பட்டது என்பது ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. 1994இலிருந்து அங்கே டெக்னீஷியம்-99இன் வெளியேற்றம் திடீரெனக் கூடி, 1995இல் உச்சத்தை எட்டியது. நீரோடேயே ஓடும் இயல்புள்ள அந்தத் தனிமம், ஸ்காட்லாந்தைச் சுற்றி, வட கடலைக் கடந்து, நார்வேயின் கரையை ஒட்டி வடக்கே ஏறி, சுமார் மூன்றாண்டுகளில் அந்நாட்டின் வடகோடியில் கடற்பாசிகளில் தென்பட்டது. அயர்லாந்தும் நார்வேயும் கண்டித்ததன் பின்னர் 2004இலிருந்து அந்த வெளியேற்றம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஆயினும், புறப்பட்ட காலமும் வந்துசேர்ந்த காலமும் தெரிந்த ஒரு பொருள் கிடைத்துவிட்டதால், மாதிரி சொன்ன காலமும் கடல் எடுத்துக்கொண்ட காலமும் ஒத்துவருகின்றனவா என்று சோதிக்க முடிந்தது. பிரான்சின் லா ஹாக் ஆலையும் செல்லாஃபீல்டும் வெளியிட்ட அயோடின்-129, இதே வகையில் துருவத்தின் ஆழ்நீர் வரைக்கும் தடம் காட்டியது. நீரின் வழியைப் பொறுத்தவரை, மாதிரிகள் நம்பத்தக்கவை என்று சொல்லும் துணிவு இவற்றால் வந்தது.

நான்காவது அங்கத்தின் விடைகள் பலருக்கும் வியப்பளித்தன. திட்டத்தினர் மூன்று கதைகளை வைத்துக் கணக்கிட்டார்கள்: எஃகும் காங்கிரீட்டும் ஃபுர்ஃபுராலும் தம் இயல்பான வேகத்தில் அரிக்கப்பட்டு நஞ்சு சிறிது சிறிதாக வெளிவருவது ஒன்று, மோதலாலோ வெடிப்பாலோ ஒரு கலம் திடீரென உடைவது மற்றொன்று, ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் பனியுகம் வந்து, பனியாறுகள் கழிகளுக்குள் இறங்கி எல்லாவற்றையும் நசுக்கிப் பெயர்த்துவிடுவது மூன்றாவது. எந்தக் கதையிலும், காராக் கடலின் மீனையே பெரிதும் உண்டு வாழ்வோருக்குக்கூட உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் சீவர்ட் அலகில், ஆண்டுக்கு ஒரு மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவான கதிர்வீச்சே இதனால் சேரும் என்று கண்டார்கள். கடலுணவை மிகுதியாக உண்பவர்கள் அதிலுள்ள இயற்கைப் பொலோனியத்தால் மட்டும் பெறுவது ஆண்டுக்கு 500 மைக்ரோசீவர்ட். கழிகளின் கரையிலேயே காவல் சுற்றும் படைவீரன் ஒருவனைக் கற்பனை செய்து கணக்கிட்டபோதுதான் எண் பெரிதாயிற்று: மிக மோசமான நிலையில் அவனுக்கு ஆண்டுக்கு 4,000 மைக்ரோசீவர்ட், அதாவது 4 மில்லிசீவர்ட் வரை சேரலாம். உலகத்தில் ஒருவர் இயற்கையிடமிருந்து சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட்டைவிட இது மிகுதி என்றாலும், அதனோடு ஒப்பிடத்தக்கதே. உலகுக்கு அபாயமில்லை, அருகிலிருப்பவனுக்கு உண்டு. பெருஞ்செலவு செய்து அவற்றைத் தூக்குவதற்குக் கதிர்வீச்சு நோக்கில் நியாயம் இல்லை, ஆனால் கழிகளின் கரையை ஆட்கள் அணுகாதபடி கட்டுப்பாட்டில் வைத்திருக்கவேண்டும் என்பதே திட்டத்தின் முடிபு.

இந்த ஆறுதலை ஏற்பதற்குமுன், அது எதன்மேல் நிற்கிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். நான்கு அங்கங்களுள் நீரின் போக்கு நூறாண்டுக் காலமாகப் பலரால் ஆராயப்பட்டது, செல்லாஃபீல்டின் தடத்தால் சோதிக்கப்பட்டது. முதலாவது அங்கமோ அப்படிப்பட்டதன்று. யாப்லகோவ் குழு 89 பெட்டாபெக்கரல் என்று மதித்ததை, உலைகளின் அமைப்பையும் அவை இயங்கிய காலத்தையும் பற்றிய விவரங்கள் ருஷ்ய நிபுணர்களிடமிருந்து பின்னர் கிடைத்தபோது, அணுசக்தி முகமையின் திட்டம் 37 பெட்டாபெக்கரல் என்று திருத்தியது. குறுகிய ஆயுளுள்ள பொருள்கள் அழிந்துவிட்டதால், 1994இல் எஞ்சியிருந்தது சுமார் 4.7 பெட்டாபெக்கரல் என்றும் அது கணித்தது. கடலைப் பற்றி ஒரு புதிய செய்தியும் தெரியவராமல், ஏட்டில் மறைத்துவைத்திருந்த எண்கள் வெளிவந்த ஒரே காரணத்தால், விடை பாதிக்கும் கீழாக இறங்கியது. இறங்கியது நற்பேறு, ஏறியும் இருக்கலாம். சமுத்திரத்தின் சுழல்களைவிட அரசாங்கத்தின் ரகசியமே இந்தக் கணக்கில் பெரிய ஐயத்தை விளைத்தது.

எண் தெரிந்த பிறகும், எஃகு எப்போது இடங்கொடுக்கும் என்ற கேள்வி எஞ்சிநிற்கிறது. நீர்மூழ்கிகள் தாமாகவே மூழ்கிய இடங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1989 ஏப்ரலில் நார்வேக் கடலில் தீப்பற்றி மூழ்கி 42 பேரைப் பலிகொண்ட 'கொம்ஸமோலெட்ஸ்' 1,680 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 2019இல் நார்வே விஞ்ஞானிகள் இயந்திரக் கருவியை இறக்கி, அதன் காற்றுக்குழாய் ஒன்றின் வாயிலில் எடுத்த நீரில், அக்கடலின் வழக்கமான அளவைப்போல் எட்டு லட்சம் மடங்கு சீசியம் இருந்தது. சில மீட்டர் மேலே எடுத்த நீரிலோ கூடுதல் எதுவும் தென்படவில்லை. கடல் எவ்வளவு விரைவில் நீர்க்கச் செய்கிறது என்பதற்கு இது சான்று. மூன்று பத்தாண்டுகளுக்குப் பிறகும் கலம் கசிந்துகொண்டேதான் இருக்கிறது என்பதற்கும் இதுவே சான்று. 2003 ஆகஸ்டில், உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்ட கே-159 என்ற பழைய நீர்மூழ்கி, ஒன்பது பேரோடும் சுமார் 800 கிலோ எரிந்த எரிபொருளோடும் பாரன்ட்ஸ் கடலில், மீன்பிடிக் களத்தின் நடுவே மூழ்கியது. அது திடீரென உடைந்தால் என்னாகும் என்று நார்வேயினர் மாதிரியால் கணித்தபோது, காட் மீனில் சீசியம் கூடினாலும் அந்நாடு விதித்துள்ள ஒரு கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டாது என்றே விடை வந்தது. ஆயினும், வரம்புக்குட்பட்ட மீனையும் வாங்க மறுக்கும் சந்தை என்று ஒன்று உண்டு. மக்களின் அச்சத்தைக் கணிக்கும் கட்டம் எந்த மாதிரியிலும் கிடையாது.

கதிரியக்கக் கழிவு எதையும் கடலில் கொட்டலாகாதென்ற முழுத்தடையை 1993இல் லண்டன் உடன்படிக்கையின் நாடுகள் ஏற்று, அது மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1946இல் அமெரிக்கா கலிபோர்னியாவுக்கு அப்பால் தொடங்கி, பல நாடுகள் எண்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கடைப்பிடித்துவந்த வழக்கம் அதோடு முடிந்தது. எல்லாருமாகச் சேர்ந்து கொட்டியது சுமார் 85 பெட்டாபெக்கரல். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஆர்க்டிக் கடல்களில் கிடக்கிறது. 2020இல் ருஷ்யா, கே-27, கே-159 உட்பட மிக அபாயகரமான ஆறு பொருள்களைக் கடலடியிலிருந்து எடுக்கப்போவதாக அறிவித்து, ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு ஆயத்தங்கள் தொடங்கின. 2022இல் உக்ரைன் மீது தொடுத்த யுத்தத்தால் அந்தக் கூட்டுறவு அறுந்தது. எஃகின் அரிப்பு மட்டும் எந்த யுத்தத்துக்காகவும் நிற்பதில்லை.

ஆகவே, உலகத்துக்குப் பேராபத்து இல்லை என்ற முடிவை மறுக்கக் காரணம் இல்லை; அதை நிரந்தர நற்சான்றாக எடுத்துக்கொள்ளத்தான் காரணம் இல்லை. அந்த முடிவு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், வெளிவந்த அளவுக்கு வெளிவந்த விவரங்களைக் கொண்டு செய்யப்பட்டது. ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ ஒருமுறை கழிகளுக்குச் சென்று அளந்து, அந்த அளவுகளை மாதிரிக்குள் இட்டு, விடையைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடிருக்கும். அதற்குக் கணிப்பொறியைவிட அதிகமாக வேண்டுவன இரண்டு: அண்டைநாட்டு விஞ்ஞானியைக் கழிக்குள் வரவிடும் அரசு, மூழ்கடித்ததை மறைக்காமல் எழுதிவைக்கும் ஏடு. செல்லாஃபீல்டு ஆலை குற்றமற்றதன்று. ஆனால் அது தன் கணக்கை எழுதிவைத்ததனால், அதன் குற்றம்கூட விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. காராக் கடலில் அதே குற்றம் கணக்கில்லாமல் நடந்ததனால், முப்பதாண்டுகளுக்குப் பிறகும் அறிஞர்கள் பலர் தங்கள் உழைப்பில் பெரும்பகுதியை, பிறர் சொல்லியிருக்கவேண்டிய ஓர் எண்ணை ஊகிப்பதிலேயே செலவிட நேர்ந்தது.